தம்மில் தண்ணீர் ஊற்றியவர்

கரீமுல்லா பாய் இறந்து முப்பத்தொரு நாள் ஆகியிருந்தது. அந்த முப்பத்தொரு நாளும் துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் முதலில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், அப்புறம் டீ குடித்தார்கள், அப்புறம் கொஞ்சம் தயங்கினார்கள், கடைசியில் அந்தக் கதைக்கே வந்து சேர்ந்தார்கள். மனுஷன் பதினாறு வருஷம் ராணுவத்தில் இருந்தவர், இருபத்திரண்டு வருஷம் தீயணைப்புத் துறையில் இருந்தவர். அதையெல்லாம் ஒருத்தரும் பேசவில்லை. பெற்ற மகள் கல்யாணத்தில் பிரியாணி தம்மின் மேல் தண்ணீர் ஊற்றி அணைத்ததைத்தான் பேசினார்கள். பேசிச் சிரித்தார்கள். சிரித்துவிட்டு, அல்லாஹ் அவருக்கு ரஹ்மத் செய்யட்டும் என்று எழுந்து போனார்கள்.

அவர்கள் மேல் கோபப்பட அவர் மனைவி ஜஹனாராவுக்கு யோக்கியதை கிடையாது. அந்தக் கதையை ஊர் பூராவும் பரப்பியவளே அவள்தான். எட்டு வருஷமாக யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும், பெண்கள் பக்கம் உட்கார்ந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, புருஷன் மேடையிலிருந்து எழுந்து ஓடிய ஓட்டத்தை அவள் ஓடிக் காட்டினால் புரையேறாதவர்கள் கிடையாது. கரீமுல்லா பக்கத்தில் எங்காவது இருந்தால் கூப்பிட்டு நிற்கவைத்துக்கொண்டே சொல்வாள். அவரும் வந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

இப்போது அவள் இத்தா இருந்தாள். புருஷன் போனால் நாலு மாசம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது, அந்நிய ஆண்களைப் பார்க்கக்கூடாது. மயிலாப்பூரில் லஸ்ஸுக்குப் பின்னால் முதல் மாடி வீட்டில், ஜன்னல் ஓரமாக ஜமக்காளம் விரித்து, தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே போகவேண்டிய வேலை அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. திருவல்லிக்கேணிக்குப் போய்த் தம்பி இனாயத்தின் சட்டையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துக்கொண்டு வரவேண்டும். அது ஒன்றைத்தான் செய்ய முடியாமல் கிடந்தாள்.

இனாயத் அவளுக்கு ஒரே தம்பி. அம்மா அப்பா போன பிறகு பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள அவன் ஒருவன்தான். தொழில் பண்டாரி, அதாவது கல்யாணங்களுக்கு டேக்சா டேக்சாவாகப் பிரியாணி ஆக்குகிறவன். அவன் டேக்சாவின் மேல்தான் கரீமுல்லா தண்ணீர் ஊற்றினார். அன்றைக்கு ஐநூறு பேர் எதிரில், "இனிமே உங்க வூட்டுக்கு அடுப்பு மூட்ட மாட்டேன், வாசப்படி ஏற மாட்டேன், அல்லாஹ் மேல சத்தியம்" என்று கத்திவிட்டுப் போனவன், எட்டு வருஷமாக ஏறவில்லை. மௌத்து அன்றைக்கும் நேராகப் பள்ளிவாசலுக்கு வந்தான், சந்தூக்குப் பெட்டிக்குத் தோள் கொடுத்தான், அப்படியே திரும்பிப் போய்விட்டான் என்று மருமகன் தல்ஹா வந்து சொன்னான். புருஷன் போனதற்கு அழுத அழுகையில் பாதி தம்பிக்கும் சேர்த்துத்தான் என்பது ஜஹனாராவுக்கு மட்டும் தெரியும்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு அவன்தான் வந்து ஆக்கவேண்டும். இல்லாவிட்டால் இனி எப்போதும் வரப்போவதில்லை. புருஷன் இருந்தவரை சண்டைக்கு ஒரு காரணம் இருந்தது. காரணமே மண்ணுக்குள் போன பிறகும் சண்டை நீடித்தால், அது வேர் பிடித்துவிட்டது என்று அர்த்தம். அவள் பயந்தது அதற்குத்தான்.

கரீமுல்லா ராணுவத்தில் இருந்தார் என்றதும் எல்லோரும் துப்பாக்கியைத்தான் நினைப்பார்கள். அவர் கையில் இருந்தது தண்ணீர் லாரியின் ஸ்டியரிங். ராஜஸ்தான் மணலில் பட்டாளத்துக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பது அவர் வேலை. சண்டை போட்டிருக்கிறீர்களா என்று யாராவது கேட்டால், "சண்டை போடறவனுக்குத் தாகம் எடுக்காதா?" என்று திருப்பிக் கேட்பார். பட்டாளத்தை விட்டு வந்ததும் முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டில் தீயணைப்புத் துறையில் சேர்ந்தார். அங்கேயும் ஓட்டுநர்தான். "பச்சை வண்டிய உட்டுட்டு செவப்பு வண்டில ஏறிக்கினேன், உள்ள இருக்கறது அதே தண்ணிதான்" என்பார்.

அந்த வேலையில் அவர் சேர்ந்தபோது ஜஹனாரா மூன்று நாள் அழுதாள். தினம் தினம் நெருப்புக்குள் போய் வருவார் என்று நினைத்துக்கொண்டாள். போகப் போகத்தான் தெரிந்தது, சென்னைப் பட்டணத்தில் தீயணைப்பு வண்டியைக் கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் தீயே இருப்பதில்லை. அடையாறில் குளியலறைக்குள் பாம்பு. மந்தைவெளியில் மாமரத்தின் உச்சியில் பூனை. உள்பக்கம் தாழ் விழுந்த வீட்டுக்குள் மாட்டிக்கொண்ட கைக்குழந்தை. ஒரு தடவை தி. நகர் நகைக்கடை ஒன்றில் ஒரு அம்மாளின் விரலில் மோதிரம் மாட்டிக்கொண்டு கழலவே இல்லை. போய் அறுத்து எடுத்தார்கள். அந்த அம்மாள் சிரித்தாள், கடைக்காரர்தான் அழுதார். போட்டுப் பார்க்கக் கொடுத்த மோதிரம் அது, இன்னும் விற்கவில்லை.

நிஜமான தீக்கும் போயிருக்கிறார். இடது கையில் முழங்கை வரைக்கும் தோல் வேறு நிறமாக, சுருங்கினாற்போல இருக்கும். எங்கே, எப்போது என்று ஜஹனாரா எத்தனையோ தரம் கேட்டிருக்கிறாள். "டீ சூடா இருந்துச்சு" என்பார். முழங்கை வரைக்கும் யார் டீ குடிப்பார்கள்? அதற்குமேல் வாயைத் திறக்கமாட்டார். நல்லதாக ஒன்று செய்துவிட்டு அதைச் சொல்லாமல் இருப்பதில் அந்த மனுஷனுக்கு அப்படி ஒரு அழுத்தம்.

ஓய்வு பெற்றதும் தீயணைப்புத் துறை மொத்தமும் வீட்டுக்குள் வந்துவிட்டது. ஜஹனாரா பாலை அடுப்பில் வைத்துவிட்டு முன்னறைக்குப் போய் வருவதற்குள் ரெகுலேட்டர் மூடியிருக்கும். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டால், ஈரத்துணியோடு கூடவே ஒவ்வொரு அறையாக வருவார். மூன்றாம் மாடி சீதா மாமி வீட்டில் கார்த்திகை விளக்கு ஏற்றும்போதும் போய் நிற்பார். ஒவ்வொரு அகலின் கீழும் ஒரு தட்டு வைத்த பிறகுதான் இறங்கி வருவார். "பாய் வந்து பார்த்துண்டு போனாத்தான் எங்காத்துல கார்த்திகை பூர்த்தியாறது" என்று மாமி சொல்வாள். கேலிக்குச் சொன்னாளா, நிஜமாகச் சொன்னாளா என்று கடைசி வரை யாருக்கும் தெரியவில்லை. கல்யாணத்துக்குப் போனால் மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால் அவசர வழியைப் பார்ப்பார். மூக்கு என்றால் அப்படி ஒரு மூக்கு. இரண்டு வீடு தள்ளி ரொட்டி கருகினால் இங்கே எழுந்து உட்காருவார்.

நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதும், படுக்கையில் கிடத்தின நர்ஸ் பெண்ணிடம், "ஏம்மா, தீப்பிடிச்சா எங்களையெல்லாம் எந்த வழியா இறக்குவீங்க?" என்று கேட்டார். அந்தப் பெண் விசாரித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனாள். அவள் திரும்பி வருவதற்குள் அவர் போய்விட்டார்.

இப்படிப்பட்டவர் பிரியாணி தம்மை அணைத்தார் என்றால் யார்தான் நம்பமாட்டார்கள்?

கதை இதுதான். வடபழனியில் ஒரு மண்டபம். மகள் ஜுவேரியாவுக்கும் ஆம்பூர்ப் பையன் தல்ஹாவுக்கும் பகல் நிக்காஹ். பின்கட்டில் ஷாமியானாத் துணி கட்டி, இனாயத் மூன்று டேக்சா ஏற்றியிருந்தான். சோறும் கறியும் முக்கால் பதம் வந்ததும் மூடியைச் சுற்றி மைதா மாவு ஒட்டி, மூடி மேல் தணலை வாரிக் கொட்டி வைப்பதுதான் தம். மேலும் கீழும் சூடு பட்டு, ஆவி வெளியே போகாமல் பிரியாணி தானாகப் புழுங்கவேண்டும். மேடையில் தல்ஹா மூன்றாவது தடவை கபூல் என்று சொன்னானோ இல்லையோ, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணின் தகப்பனார் மூக்கை உயர்த்தினார், எழுந்தார், ஷெர்வானியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். நிக்காஹ் ஓதிய ஹஜ்ரத் துஆவுக்குத் தூக்கிய கை தூக்கியபடியே நின்றது. ஜனங்கள் என்ன ஏதென்று கேட்டுக்கொண்டு எழுந்து போய்ப் பார்த்தால், மூன்று டேக்சாவும் நனைந்து கிடக்கிறது, மாவு ஊறி மூடி நழுவியிருக்கிறது, உள்ளே பிரியாணி மிதக்கிறது, கரீமுல்லா கையில் வாளியோடு நிற்கிறார். இனாயத் தலையில் அடித்துக்கொண்டு கத்துகிறான்.

அன்றைக்கு ஐநூறு பேருக்கும் பக்கத்துச் சைவ மெஸ்ஸிலிருந்து எலுமிச்சை சாதமும் தயிர்சாதமும் வந்தது. பிரியாணிக்கே பேர்போன ஆம்பூரிலிருந்து பஸ் பிடித்து வந்த சம்பந்திகள் தயிர்சாதத்துக்கு ஊறுகாய் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். டேக்சாவை எட்டிப் பார்த்த மாப்பிள்ளையின் பெரியப்பா, "நோன்பு வர இன்னும் மூணு மாசம் இருக்குதே, அதுக்குள்ள கஞ்சியா?" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே கதை ஆம்பூர் வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

இதெல்லாம் இருக்கட்டும். இத்தாவில் இருக்கிறவள் தம்பியை எப்படி வரவழைப்பது? போன் செய்தால் எடுக்கமாட்டான். முப்பத்தோராம் நாள் ஜுவேரியா நேரில் போய்க் கேட்டாள். "சத்தியம் பண்ணி கீறேன்மா" என்று தலையைக் குனிந்துகொண்டான். மறுநாள் முழுக்க ஜஹனாரா யோசித்தாள். அதற்கு மறுநாள் காலை மகளை மறுபடி கிளப்பினாள்.

"மாமூகிட்ட போ. நாப்பதாம் நாளுக்கு அம்மா ஹஸன் பாயை ஏற்பாடு பண்ணிக்கினு கீறாங்கன்னு மட்டும் சொல்லு. கூப்பிடாத. கெஞ்சாத. சொல்லிட்டு வந்துக்கினே இரு."

ஹஸனும் பண்டாரிதான். பிரியாணியில் கலர்ப்பொடி தூவுகிறவன் என்று இனாயத் அவனைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவான்.

ஜுவேரியா வீடு திரும்பி இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பின்னாலேயே ஆட்டோ வந்து நின்றது. மாடிப்படியில் தடதடவென்று சத்தம். எட்டு வருஷம் கழித்துத் தம்பி அக்காளிடம் பேசிய முதல் வார்த்தை, "ஹஸனா?" என்பது.

"வா. உக்காரு" என்றாள் ஜஹனாரா. தலை முழுக்க நரைத்துப் போய்விட்டான். ஒருவேளை ஆக்கினதைச் சாப்பிடுவதே இல்லையோ, இப்படி இளைத்திருக்கிறானே என்று நினைத்துக்கொண்டாள்.

"அவன் கலர் பவுடர் போடறவன் ஆபா! மச்சான் நாப்பதாம் நாளுக்கு கலர் பவுடரா?"

"நான் இன்னாடா பண்றது? உனக்குத்தான் சத்தியம் கீதே."

ஜஹனாரா தஸ்பீஹைச் சுருட்டித் தலையணைக்கு அடியில் வைத்தாள். அதைக் கையில் வைத்துக்கொண்டு திட்டக்கூடாது.

"சத்தியத்த முறிச்சா இன்னா பண்ணணும்? பத்து ஏழைங்களுக்கு சோறு போடணும். அவ்ளோதானே? வாரத்துக்கு ஆயிரம் பேருக்கு ஆக்கிப் போடறவன், எட்டு வருஷத்துல கூடப்பொறந்தவளுக்காக பத்து பேருக்குப் போட முடியலியா உன்னால?"

"கல்யாணத்துக்கு மறுநாளே போட்டுட்டேன் ஆபா."

"இன்னா?"

"மறுநாளே. பத்து இல்ல, இருபது பேருக்குப் போட்டேன். சத்தியம் அன்னிக்கே தீந்து போச்சு."

"அப்புறம் இன்னாத்துக்குடா வரல?"

இனாயத் சுவரைப் பார்த்தான். சுவரில் கரீமுல்லா தீயணைப்புத் துறைச் சட்டையோடு முறைத்துக்கொண்டிருந்தார். இவன் சட்டென்று பார்வையைக் கீழே இறக்கினான்.

"எந்த மூஞ்சிய வெச்சுக்கினு வருவேன்?" என்றான். அப்புறம் அழ ஆரம்பித்தான். ஐம்பத்தைந்து வயசு ஆள், துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதான். அழுகைக்கு நடுவில் அவன் சொன்னதைக் கோர்த்துப் பார்த்தால் இப்படி வருகிறது.

அன்றைக்கு தம் போட்டுவிட்டு, ஆட்களைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, இனாயத் சட்டையை மாற்றிக்கொண்டு மண்டபத்துக்குள் போனான். பெண்ணுக்குத் தாய்மாமன் அவன், நிக்காஹுக்கு சாட்சி. ஆட்களை மண்டபத்து மேனேஜர் மேஜை தூக்கக் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டார். காற்றில் ஷாமியானாத் துணி பறந்து வந்து தணலில் உரசியது. மேடையிலிருந்து கரீமுல்லா ஓடுவதைப் பார்த்ததும் இனாயத்துக்குத் தணல் ஞாபகம் வந்தது. மற்றவர்களுக்கு முன்னால் இவன் போய்ச் சேர்ந்துவிட்டான். துணி கூரை வரைக்கும் எரிந்துகொண்டிருந்தது. சுவர் ஓரம் இரண்டு சிலிண்டர். மாடியில் இருநூறு பெண்களும் குழந்தைகளும். கரீமுல்லா வெறும் கையால் துணியைப் பிய்த்துக் கீழே போட்டு மிதித்தார். கழுவ வைத்திருந்த தண்ணீர் முழுவதையும் வாளி வாளியாக வீசினார். அந்தத் தண்ணீர்தான் டேக்சாவின் மேல் விழுந்தது. மொத்தமே ஒரு நிமிஷம். அப்புறம் எரிந்த துணியை ஒரு காலி அரிசிச் சாக்கில் திணித்து, வெங்காயத் தோல் குவியலுக்கு அடியில் தள்ளினார்.

"இனாயத்து, கத்து" என்றாராம்.

"இன்னா மச்சான்?"

"நீ தணல உட்டுட்டுப் போனது தெரிஞ்சா இந்த ஊர்ல ஒரு மண்டபத்துக்காரன் உன்ன அடுப்போட உள்ள உடமாட்டான். தம்மப் பாத்து தீன்னு நெனச்சி நான் தண்ணி ஊத்திட்டேன். புரியுதா? என்னத் திட்டு. சத்தமாத் திட்டு."

இவனுக்கு வாய் வரவில்லை. "ம், ஒன், டூ, த்ரீ" என்று பட்டாளத்தில் சொல்வதுபோல் எண்ணிக் கொடுத்தார். இவன் திட்டத் தொடங்கினான். ஜனங்கள் வந்து சேர்ந்ததும் வேகம் ஏறிவிட்டது. தண்ணி லாரி ஓட்டறவனுக்கு பிரியாணி பத்தி இன்னா தெரியும் என்று கேட்டான். வாசப்படி ஏறமாட்டேன் என்று சத்தியமே செய்துவிட்டான். "அந்தச் சத்தியம் மட்டும் அவரு சொல்லிக்குடுத்ததுல இல்ல ஆபா" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

ஜஹனாரா, எட்டு வருஷத்தில் தான் எத்தனை தடவை அந்தக் கதையைச் சொல்லியிருப்போம் என்று எண்ணிப் பார்க்கப் போய், எண்ண முடியாமல் விட்டாள். அவமானமாக இருந்தது. புருஷன் மேல் வந்த கோபத்தைக் காட்ட அவர் இல்லை, அதனால் இருக்கிறவன் மேல் காட்டினாள்.

"ஊரே சிரிச்சுதேடா அந்த மனுஷனப் பாத்து! நாப்பதாம் நாள் நீ வர்றே. ஆக்கறே. சோறு வெக்கறதுக்கு முன்னாடி எல்லார் எதுர்லயும் நின்னு, எங்கிட்ட சொன்னத அப்படியே சொல்றே."

"என் தொழிலு ஆபா..." என்று இழுத்தான். அவனுக்கு இரண்டு பெண்கள் கல்யாணத்துக்கு நிற்கிறார்கள். ஒரு மண்டபத்தை எரிக்கப் பார்த்தவன் என்று பேர் வந்தால் அவன் டேக்சாவைக் கவிழ்த்து வைக்கவேண்டியதுதான். அதெல்லாம் அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது. தெரிந்துதான் கேட்டாள். ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "சொல்றேன்" என்றான் இனாயத்.

அந்த ஒரு வாரம் ஜஹனாராவுக்குத் தூக்கம் இல்லை. செத்தவர் பேரைக் காப்பாற்ற இருக்கிறவன் பிழைப்பைக் கெடுக்கிறோமே என்று மனசு அடித்துக்கொள்ளும். வேண்டாம்டா, விட்டுவிடு என்று சொல்லிவிடலாமா என்று போனைக் கையில் எடுப்பாள். அந்த நேரம் பார்த்து யாராவது துக்கம் கேட்க வருவார்கள், டீ குடிப்பார்கள், "அந்தத் தண்ணி ஊத்துன கதைய சொல்லுங்களேன்" என்பார்கள். போனைக் கீழே வைத்துவிடுவாள்.

நாற்பதாம் நாள் கீழே கார் நிறுத்தும் இடத்தில்தான் ஏற்பாடு. சீதா மாமி தன் காரை வெளியே எடுத்து விட்டுவிட்டாள். நூற்றைம்பது பேர் வந்திருந்தார்கள். ஃபாத்திஹா ஓதி முடிந்து ஜனங்கள் பாயில் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஜஹனாரா மேலே ஜன்னல் திரைக்குப் பின்னால் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். விஷயம் தெரிந்த ஜுவேரியா அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

எதிர்பார்த்தபடியே தனபாலன்தான் ஆரம்பித்தார். கரீமுல்லாவோடு ஒரே வண்டியில் பதினெட்டு வருஷம் போனவர், வெண்கலத் தொண்டை. "எங்க டிபார்ட்மெண்ட்ல எவ்ளோவோ பேர் எவ்ளோவோ தீய அணைச்சு கீறாங்க. ஆனா பிரியாணி தம்ம அணைச்சவன் நம்ம கரீமு ஒருத்தன்தான்!" கீழே சிரிப்பு அலையாகக் கிளம்பியது. அது அடங்குவதற்குள் இனாயத் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நடுவில் வந்து நின்றான்.

"சிரிக்காதீங்க. அவரு தம்ம அணைக்கல. தீ புடிச்சுது. என்னோட தப்பு" என்றான். துணி எரிந்தது, சிலிண்டர், சாக்கு, திட்டச் சொன்னது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னான். சொல்லி முடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

தனபாலன் எழுந்து வந்தார். அடிக்கத்தான் போகிறார் என்று ஜஹனாரா நினைத்தாள். அவர் இனாயத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"பாத்தீங்களாய்யா? மனுஷன்னா இவன் மனுஷன்! செத்தவர யாரும் சிரிக்கக்கூடாதுன்னு பழிய தன் தலைமேல போட்டுக்கினு கீறான் பாரு!"

"இல்ல தனபாலு, நெஜமாவே..."

"சும்மா இரு நைனா. அன்னிக்கு நானும் அங்கதான் இருந்தேன். தீ புடிச்சிருந்தா எனக்குத் தெரியாதா? எனக்கும்தான் மூக்கு கீது."

இனாயத் அல்லாஹ் மேல் ஆணையிடப் போனான். "வாணாம்பா, ஒரு தரம் சத்தியம் பண்ணி பட்டது போதும்" என்று நாலு பேர் வாயைப் பொத்தினார்கள். அவன் மறுக்க மறுக்க ஜனங்களுக்குக் கண் கலங்கியது. எட்டு வருஷமாகத் தயிர்சாதத்தை மறக்காத ஆம்பூர்ப் பெரியப்பா எழுந்து, இந்தக் காலத்தில் இப்படி ஒரு மச்சினன் கிடைப்பானா என்று கேட்டார். தன் பேத்தி கல்யாணத்துக்கு இவன்தான் ஆக்கவேண்டும் என்று அங்கேயே தேதி சொன்னார். அதைக் கேட்டு இன்னும் இரண்டு பேர் தேதி சொன்னார்கள். அப்புறம் எல்லோரும் உட்கார்ந்து, கரீமுல்லாவைப் பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார்கள்.

ஜஹனாராவுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் சிரிப்பு வந்துவிட்டது. நாற்பது நாளாக வராத சிரிப்பு. வாயைப் பொத்திக்கொண்டாள், இத்தாவில் இருக்கிறவள் சிரிக்கிற சத்தம் கீழே கேட்டால் என்ன நினைப்பார்கள்? முந்தானையைச் சுருட்டிக் கடித்துக்கொண்டும் தோள் குலுங்கியது. ஜுவேரியா பயந்துபோய்த் தண்ணீர் எடுத்துவர ஓடினாள்.

கொஞ்ச நேரத்தில் இனாயத் தட்டோடு மேலே வந்தான். கையிலிருந்து எதையோ தவறவிட்டவன் மாதிரி முகம்.

"சொல்லிட்டேன் ஆபா. ஒருத்தன் நம்பல."

"கேட்டுக்கினுதான் இருந்தேன்."

தட்டை அவள் முன்னால் வைத்தான். போகாமல் நின்றான். "இன்னொண்ணு கீது. அன்னிக்கு உங்கிட்ட சொல்லல" என்றான்.

கல்யாணம் முடிந்து இரண்டு வருஷம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா விட்டு வெளியே வரும்போது கரீமுல்லா அவனைப் பிடித்துக்கொண்டார். டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஆபாவிடமாவது உண்மையைச் சொல்லிவிடலாம் மச்சான், அவங்களே ஊர் ஊராகச் சொல்லிச் சிரிக்கிறார்களாமே என்று இவன் கேட்டான்.

"அதுக்கு மச்சான் சொன்னாரு, 'அவகிட்ட மட்டும் சொல்லாத. தெரிஞ்சுதுன்னா, எவனாவது என்னப் பாத்து சிரிக்கறப்போ அவளால தாங்க முடியாது. ஒடைச்சுடுவா. அப்புறம் உன் பொழப்பு போச்சு.' அப்புறம் சொன்னாரு, 'அதுவுமில்லாம, நான் ஓடினத அவ ஓடிக் காட்டறா பாரு, அத ஒரு நாள் நீ வந்து பாக்கணும். எனக்கே சிரிப்பு தாங்கல. இருபத்தெட்டு வருஷத்துல அவ இப்படி சிரிச்சு நான் பாத்ததே இல்ல. அதப் போயி கெடுக்கச் சொல்றியா'ன்னாரு."

ஜஹனாரா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அழுதாள். மௌத்து அன்றைக்கு, ஊர் கூடி நின்றபோதுகூட அவள் இப்படி அழவில்லை. தம்பி பக்கத்தில் உட்கார்ந்து, என்ன செய்வதென்று தெரியாமல் தட்டுக்கு விசிறிக்கொண்டிருந்தான்.

கடைசியில் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஒரு வாய் எடுத்து வைத்தாள். மென்றாள். கத்திரிக்காய்த் தால்ச்சாவைத் தொட்டு இன்னொரு வாய் வைத்தாள்.

"புளி ஜாஸ்தி" என்றாள்.

"ஜாஸ்தியா? கீழ போய்ப் பாரு. நூத்தம்பது பேர் இன்னும் இன்னும்னு கேட்டு வாங்கித் துன்னுறாங்க."

"அந்த நூத்தம்பது பேரும் நீ சொன்னத நம்பாதவங்க. அவங்க நாக்க மட்டும் நான் நம்பணுமா?"

இனாயத் அவள் தட்டிலிருந்தே ஒரு கத்திரிக்காய்த் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு மென்றான்.

"ஆமா ஆபா" என்றான். "ஜாஸ்திதான்."